தொப்பிக்காரன் கதை முடியும் வரை

ஆடி முடிந்த மறுநாள் அண்ணாதுரை மேஸ்திரி மொட்டைமாடியில் நூல் பிடித்து அளந்தார். சொர்ணம்மாள் பின்னாலேயே வந்தாள். வடக்குப்பட்டில் இந்த வீடும் இதன் பத்து வாடகை ரூம்களும் அவளுடையவை; ஒன்றில் நான் இருக்கிறேன். மாடியில் இன்னும் மூன்று ஷீட் ரூம் போட முடிவெடுத்திருந்தாள். மூன்றாவது ரூமின் கதவு வரவேண்டிய இடத்தில் என் டிஷ் நின்றது. நான் அதன் போல்ட்டை அரைச் சுற்று திருகிக்கொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி இது, பிரியாணிக் கடாய் மாதிரி கீது," என்றார் மேஸ்திரி.

"வெளிநாட்டு சேனல் புடிக்கறது."

"அதான் போன்லயே வருதே."

இதற்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல நாளாகிறது. போனில் கேட்டால் கிடைக்கும். கேட்டால் கிடைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எங்கோ ஒரு நாட்டுக்காரன் தன் ஊர் ஆட்களுக்கு வானத்திலிருந்து அனுப்புகிறான். அதில் ஓரமாகச் சிந்துவது இவ்வளவு தூரம் வந்து விழுகிறது. அதைப் பிடிக்க ஆறடி டிஷ் வேண்டும். டிஷ்ஷை ஒரு விரல்கடை நகர்த்தினால் ஒரு நாடு போய் இன்னொரு நாடு வரும். வந்ததும் நோட்டில் எழுதுவேன்: தேதி, மணி, சேனல், சிக்னல் எத்தனை சதவீதம். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. பயன் உள்ள வேலை ஒன்றை ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஒரகடத்தில் பிரேக் பார்ட்ஸ் லைனில் ஒன்றரை வருடம் நைட் ஷிஃப்ட். ஒரு நாள் கம்பெனி பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது யாராவது கூப்பிட்டால் சிசிடிவி கேமரா பொருத்தப் போகிறேன்.

"நிலவா, இத எடுத்துடு," என்றாள் சொர்ணம்மாள். "வர்ற முகூர்த்தத்துல வேல ஆரம்பிக்கணும்."

சரி என்றேன். பிறகு பதினோரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஆறடி டிஷ் வைக்க ஒரு ஓனரும் மாடி தரவில்லை. ஒருவர் புயல் என்றார், ஒருவர் வாஸ்து என்றார். மண்ணூரில் கேபிள் கடை மூடியவரிடம் பழைய இரும்பு விலைக்கு வாங்கிய டிஷ் அது. இங்கிருந்து இறக்கினால் பழைய இரும்பாகவே போக வேண்டியதுதான்.

அதைக் காப்பாற்றியது தொப்பிக்காரன்.

எடுத்தாயிற்றா என்று கேட்க ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு சொர்ணம்மாள் என் ரூம் வாசலுக்கு வந்தாள். டிவியில் ஒரு சேனல் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் நான் பிடித்தது. நம் ஊரில் அது கிடைப்பதே பெரிய விஷயம், சிக்னல் நாற்பது சதவீதத்தைத் தாண்டாது. பாஷை எனக்கும் தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை பதினோரு மணிக்கு ஒரு நாடகம். ரோமத் தொப்பி போட்ட ஒருவன், தலையில் துணி கட்டிய ஒரு கிழவி, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், நிறையக் குதிரைகள். சொர்ணம்மாள் எட்டிப் பார்த்த நேரத்தில் கிழவி தொப்பிக்காரனின் மூட்டையைத் தூக்கித் தெருவில் வீசினாள்.

"எதுக்குடா வீசறா?"

"தெரியலக்கா."

"புள்ள சரியில்ல. அதான்," என்றாள். நின்றபடியே முழுவதும் பார்த்துவிட்டு, எதற்கு வந்தாள் என்பதை மறந்து போய்விட்டாள்.

மறுநாள் நாற்காலியோடு வந்தாள். இரண்டு வாரத்தில் கேபிளை நீட்டி அவளுடைய ஹாலிலேயே இணைப்புக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் அங்கே கூடினார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடு நெல்லையப்பன் வருவார். திருநெல்வேலிக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பி, யூனிஃபார்மோடு மெர்சி வருவாள். அவளுக்குச் செல்போன் கம்பெனியில் வேலை. கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் இருக்கிற டில்லிபாபு, கதையை விட்டுவிட்டு அதில் வருகிற வண்டிகளின் பெயின்ட்டைப் பார்ப்பான்.

ஒரு வார்த்தை புரியாத நாடகத்துக்கு நாலு பேர் நாலு கதை வைத்திருந்தார்கள். சொர்ணம்மாளின் கதையில் தொப்பிக்காரன் கிழவியின் மகன். வீட்டை விற்கச் சொல்லி அம்மாவைப் பிடுங்குகிறான். மெர்சி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அவன் புள்ள இல்ல ஆன்ட்டி. வாடகைக்கு இருக்கறவன். அந்தம்மா ஹவுஸ் ஓனரு. காலி பண்ணச் சொல்லி டார்ச்சர் குடுக்குது."

"பெத்தவள பாத்தா ஓனரம்மா மாதிரியா தெரியுது ஒனக்கு?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான ஆன்ட்டி கத்துது."

"நான் எப்படி கத்தறேன்?"

மெர்சி டிவியைப் பார்த்தாள். நெல்லையப்பனின் கவலை வேறு. "அந்த வெள்ளக் கோட்டு டாக்டரம்மான்னு சொல்லுதியளே, அவ ஒருநாளாவது மனுசன தொட்டுப் பாத்துருக்காளா? குதிரையத்தான் தொடுதா. மாட்டாஸ்பத்திரிக்காரி."

"அதான் இவன லவ் பண்றா," என்றான் டில்லிபாபு.

அது எந்த நாடு என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சொன்னால் மெர்சி அரை நிமிடத்தில் போனில் தேடிக் கதையைப் படித்துவிடுவாள். கதை தெரிந்தால் கூட்டம் கலையும். கூட்டம் கலைந்தால் சொர்ணம்மாளுக்கு மூன்றாவது ரூம் ஞாபகம் வரும். "வடக்கே ஒரு ஊரு," என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மேஸ்திரி மறுபடி வந்தபோது சொர்ணம்மாள் சொன்னதை என் காதால் கேட்டேன். "இவன் கத முடியட்டும் மேஸ்திரி. அதுவரைக்கும் அந்தக் கடாய் அங்கியே இருக்கட்டும்."

அன்றிலிருந்து தொப்பிக்காரனின் ஆயுசும் என் டிஷ்ஷின் ஆயுசும் ஒன்றாகிவிட்டன. கதையில் ஒரு சண்டை சமாதானமானால் மாடிக்குப் போய் டிஷ்ஷை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். புதிதாக யாராவது ரயிலில் வந்து இறங்கினால் நிம்மதியாக இருக்கும். கிழவிக்கு இருமல் வந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

செப்டம்பர் கடைசியில் விளம்பரம் போட்டார்கள். கிழவி, தொப்பி, குதிரை எல்லாம் மாறி மாறி வந்து, கடைசியில் பெரிதாக 01.10 என்று நின்றது. நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் மெர்சி படித்துவிட்டாள்.

"ஒண்ணாந்தேதி முடியுது போல."

"ஆயுத பூஜ அன்னிக்கா?" என்றாள் சொர்ணம்மாள். விரலை மடக்கி எண்ணினாள். "நல்லதாப் போச்சு. மறுநா விஜயதசமி. மேஸ்திரிய அன்னிக்கே வரச் சொல்லிடறேன்."

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பதினொன்றேகால் வாக்கில் படம் உடைந்து, ஐந்தாறு நிமிடம் போய், திரும்பி வந்தது. மறுநாளும் அதே நேரத்தில் போனது.

"இன்னாடா இது, கெழவி அழுவுற நேரம் பாத்து பூடுது?"

"சூரியன் நம்ம சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வருதுக்கா. வருஷத்துக்கு ரெண்டு தடவ, செப்டம்பர் கடைசில ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு. ஒரு வாரம் இப்படித்தான் இருக்கும். டிஷ்ஷுக்குக் கண்ணு கூசுது, அவ்ளோதான்."

"கடைசி நாளும் போவுமா?"

"போகும். அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

அவள் திருப்தியானாள். நான் ஆகவில்லை.

முப்பதாம் தேதி சேரப்பணஞ்சேரியில் ஒரு குடோனுக்குக் கேமரா பொருத்தப் போயிருந்தேன். வரும்போது இருட்டிவிட்டதால் மாடிக்குப் போகவில்லை. ஆயுத பூஜை அன்று காலை எட்டு மணிக்குப் போனபோது டிஷ்ஷில் என் முகம் தெரிந்தது, தலைகீழாக.

டில்லிபாபு பின்னாலேயே வந்து நின்றான்.

"எப்படி? ஷோக்கா கீதா? குரோம் பெயின்ட்டு. மூணு கோட்டு. மேல பாலிஷ் வேற. கம்பெனில சுட்டது இல்ல, படப்பைல காசு குடுத்து வாங்கனது. எல்லாருக்கும் ஆயுதம் கீது, உனுக்கு இதான ஆயுதம். கடைசி நாளு வேற. தூசி தும்போட வுடலாமா?"

அவன் உண்மையிலேயே அருமையாக அடித்திருந்தான். ஒரு துளி ஓட்டம் இல்லை, ஒரு மேடு பள்ளம் இல்லை. தினமும் எத்தனையோ கார் கதவுகளைப் பார்க்கிற கண். ஆறடிக் கண்ணாடி ஒன்றைச் செய்து வானத்தைப் பார்த்து வைத்துவிட்டான்.

டிஷ்களுக்கு மங்கலான சாம்பல் பெயின்ட் அடிப்பது செலவு குறைக்க இல்லை. மங்கலாக இருந்தால் வெயில் சிதறிப் போகும். பளபளவென்று இருந்தால், சூரியன் சேட்டிலைட்டுக்குப் பின்னால் வருகிற அந்த நேரத்தில், ஆறடி அகலத்து வெயில் மொத்தமும் நடுவில் வந்து குவியும். நடுவில்தான் மூன்று கம்பி பிடித்துக்கொண்டிருக்கும், உள்ளங்கை அளவில், சிக்னலை வாங்குகிற எல்.என்.பி. அதற்குப் பிளாஸ்டிக் மூடி. குழந்தைகள் பூதக்கண்ணாடியில் பேப்பரை எரிப்பார்களே, அதேதான்.

எட்டு மணி. சூரியன் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மூன்றடி தள்ளிக் கொடியில் நெல்லையப்பனின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து டிஷ் மேல் போர்த்தினால் போதும். துணி வெயிலை நிறுத்தும், சிக்னலை நிறுத்தாது. கடைசிப் பகுதி நன்றாக ஓடும். தொப்பிக்காரன் மகனோ வாடகைக்காரனோ, கதை முடியும். மறுநாள் மேஸ்திரி கடப்பாரையோடு வருவார்.

எல்.என்.பி. போனால் வேறு வாங்கலாம். மாடி போனால் வாங்க முடியாது.

"நல்லா இருக்குடா," என்றேன். கீழே இறங்கிவிட்டேன்.

பூஜை நடந்தது. கிரைண்டருக்குப் பொட்டு, மோட்டாருக்குப் பொட்டு, இன்வெர்ட்டருக்குப் பொட்டு, பைக்குகளுக்கு வரிசையாகச் சந்தனம். மெர்சி தன் ஸ்கூட்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தாள். "பூ மட்டும் போடுங்க ஆன்ட்டி. பொட்டு வேணாம், எங்க பாஸ்டர் அடுத்த தெருதான்." சொர்ணம்மாள் பூ போட்டு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தாள். அது பொட்டு இல்லை என்பதால் மெர்சி ஏறி நசுக்கினாள்.

கடைசியாகச் சொர்ணம்மாள் மாடிக்கு வந்தாள். டிஷ்ஷைச் சுற்றிப் பார்த்தாள். விளிம்பில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். பிறகு எட்டி, நடுவிலிருந்த எல்.என்.பி.யில் ஒரு முழம் செவ்வந்தியைச் சுற்றினாள்.

"அங்க வேணாம்கா," என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான்."

"பூவுல இன்னாடா கீது," என்று முடிச்சுப் போட்டாள்.

பதினோரு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. பொரி, சுண்டல், அவல் எல்லாம் நடுவில் இருந்தன. லீவு என்பதால் மற்ற ரூம்காரர்களும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். கதை நன்றாகப் போனது. தொப்பிக்காரன் மூட்டை கட்டினான். மாட்டாஸ்பத்திரிக்காரி வாசலில் குதிரையோடு நின்றாள். கிழவி உள்ளே போய் எதையோ தேடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

கிழவி வெளியே வந்தாள். கையை மூடியிருந்தாள். தொப்பிக்காரனிடம் அந்தக் கையை நீட்டி, மெதுவாக விரலைத் திறந்தாள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்து போனது.

"சூரியன்," என்றாள் சொர்ணம்மாள் அமைதியாக. "அஞ்சு நிமிஷம். எல்லாம் சுண்டல் துன்னுங்க."

அஞ்சு நிமிடம் தின்றார்கள். பத்து நிமிடம் தின்றார்கள்.

"பூ கருகுற வாசன வருதே," என்றாள் மெர்சி.

"பூ மட்டுமில்ல, பிளாஸ்டிக்கும் கருகுது," என்றார் நெல்லையப்பன்.

மாடிக்கு ஓடினோம். செவ்வந்தி கரியாகத் தொங்கியது. எல்.என்.பி.யின் மூடி உருகி, சளி மாதிரி நீண்டு வழிந்திருந்தது. ஒரு கோடு புகை நேராக மேலே போனது. டிஷ்ஷில் எங்கள் எல்லோருடைய முகமும் தலைகீழாகத் தெரிந்தது. டில்லிபாபுவின் முகம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

நான் காரணத்தைச் சொன்னேன். காரணத்தை மட்டும் சொன்னேன். பழி முழுவதும் டில்லிபாபு மேல் போய் விழுந்தது. நான் தடுக்கவில்லை.

"கண்ணாடி மாதிரி பண்ணானாம் கண்ணாடி," என்றாள் சொர்ணம்மாள். "ஒன்ன எவன்டா கேட்டான்?"

"மூணு கோட்டு அடிச்சேன் யக்கா," என்றான் அவன்.

கூட்டம் இறங்கியது. நெல்லையப்பன் மட்டும் நின்று கொடியிலிருந்து போர்வையை உருவினார். அதைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார்.

"இத எடுத்து மூடிருக்கலாம்லா?"

"தோணலண்ணே."

"தோணிருக்காது," என்றார். போர்வையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கீழே போனபோதுதான் என் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. சொர்ணம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பொரியை வாயில் போட்டாள்.

"போனா போவுது. முடிவுதான் தெரிஞ்சிடுச்சே. கெழவி கைல இருந்தது சாவி. மவன்கிட்ட வூட்ட குடுத்துட்டா. முடிஞ்சுது. நிலவா, சாயங்காலம் அத எறக்கிடு."

இதை நான் யோசிக்கவே இல்லை. கதையை இத்தனை நாள் சொன்னது டிவியில்லை, அவள்தான். முடிவுக்கு மட்டும் டிவி எதற்கு? ஒரு எல்.என்.பி.யைச் சும்மா எரித்திருந்தேன்.

"சாவியா?" என்றாள் மெர்சி.

"பின்ன?"

"அது பேப்பர் ஆன்ட்டி. வெள்ளையா மடிச்சு வெச்சிருந்தா, நான் பாத்தேன். காலி பண்றதுக்கு நோட்டீசு."

"நோட்டீஸ எவளாவது கைக்குள்ள பொத்தி எடுத்துகினு வருவாளா?"

"போன வருஷம் மூணாம் நம்பர் ரூமுக்கு நீங்க அப்படித்தான் எடுத்துட்டு வந்தீங்க."

சுவரோரம் யாரோ சிரித்தார்கள். நெல்லையப்பன் போர்வையோடு வாசலில் நின்றார். "ரெண்டு பேரும் சும்மா இருங்கம்மா. அது மருந்துச் சீட்டு. கிழவி ஒரு மாசமா இருமுதா. மாட்டாஸ்பத்திரிக்காரி எழுதிக் குடுத்துருக்கா, மருந்து வாங்கிட்டு வாலேன்னு இவன அனுப்புதா."

"மாட்டு டாக்டர் மனுசனுக்கு சீட்டு எழுதுவாளா?"

"அவசரத்துக்கு எழுதுவா."

ஒரு மணி நேரம் போனது. சாவிக் கட்சியில் இரண்டு பேர் சேர்ந்தார்கள், நோட்டீஸ் கட்சியில் வாடகைக்கு இருக்கிற எல்லோரும் சேர்ந்தார்கள். கையெழுத்து இல்லாத நோட்டீஸ் செல்லுமா என்று பின்வரிசையில் தனியாக ஒரு விவாதம் நடந்தது. சொர்ணம்மாள் எழுந்து நின்றாள்.

"என் வூட்டுல உக்காந்துகினு, என் சுண்டல துன்னுகினு, என்னையே பொய்க்காரின்றீங்களா? டேய் நிலவா. அது எப்ப ரிப்பேர் ஆவும்?"

"ரெண்டு மூணு நாள் ஆகும்கா. ஆனா கதை முடிஞ்சிருக்கும்."

"அவன் திரும்பப் போட மாட்டானா? இங்க எல்லாத்தையும் நாலு தபா போடறான். அந்தக் கைய நான் இதுங்களுக்குக் காட்டாம வுட மாட்டேன்."

மறுநாள் விஜயதசமி. மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். "ரெண்டு ரூம் இப்ப கட்டு," என்றாள் சொர்ணம்மாள். "மூணாவது, அந்தக் கை தெரிஞ்ச அப்பறம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். எந்தக் கை என்று அவருக்கு விளக்க யாரும் முன்வரவில்லை.

புது எல்.என்.பி. மாட்டினேன். டிஷ்ஷை எமரி ஷீட் போட்டு இரண்டு நாள் தேய்த்து மங்கலாக்கினேன். டில்லிபாபு அந்த இரண்டு நாளும் மாடிப் பக்கம் வரவில்லை. ஆறாம் தேதி திங்கள்கிழமை பதினோரு மணிக்குச் சேனல் வந்தது. குதிரைகள், மலை, ஒரு ரயில். ரயிலிலிருந்து தொப்பிக்காரன் கையில் மூட்டையோடு இறங்கினான். முகத்தில் மீசை இன்னும் சரியாக வளரவில்லை.

"இத நாம பாக்கலியே," என்றாள் சொர்ணம்மாள்.

"முதல் நாள்கா. மறுபடி ஆரம்பத்துலேருந்து போடறான்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். இந்தக் கதைக்குள் அவள் வந்து சேர்ந்தது ஆகஸ்டில்தான். அதற்கு முன்னால் நாலு மாதக் கதை கிடக்கிறது.

தொப்பிக்காரன் நடந்து போய்க் கிழவி வீட்டுக் கதவைத் தட்டினான். மகனா, வாடகைக்காரனா என்பது இப்போது தெரிந்துவிடும். கிழவி கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பளாரென்று ஓர் அறை விட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"பாத்தியா," என்றாள் சொர்ணம்மாள். "பெத்தவதான் இப்படி அறைவா."

"அட்வான்ஸ் பாக்கி இருக்கும் ஆன்ட்டி," என்றாள் மெர்சி.

நான் ரூமுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் இருபத்துநாலிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் நூற்றுப் பதினைந்து பகுதி, வாரத்துக்கு ஐந்து. விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் கடைசிப் பகுதி மார்ச் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை வருகிறது. அந்த வாரம் சூரியன் திரும்பவும் அதே இடத்துக்கு வரும். இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக, பதினொன்றரைக்கு. ஆனால் கிழவி கையைத் திறப்பது அதற்கு முன்னாலேயே, பதினொன்றேகாலுக்கே. அதற்கும் ஏதாவது யோசிக்க வேண்டும். நேரம் இருக்கிறது.

டில்லிபாபு வேண்டாமென்று தூக்கிப் போட்ட குரோம் பெயின்ட்டில் அரை டப்பா மீதி இருந்தது. கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.